காஞ்சிர மூட்டில் ஆணி எதற்கு?

கேள்வி இதுதான். கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் ஒருவர் ஐம்பது சென்ட் விளை (தோட்ட நிலம்) வாங்கியிருக்கிறார். அதன் மூலையில் ஒரு காஞ்சிரம் நிற்கிறது. முறிக்க ஆள் கூப்பிட்டால், வந்தவர்கள் மூட்டில் (அடிமரத்தில்) துருப்பிடித்த ஆணியைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் சாரே, இசக்கியத் தறைச்ச மரம்" என்று, அதாவது இசக்கி என்ற பெண் பேயை ஆணியடித்துக் கட்டிய மரம் என்று சொல்லி, வாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். காஞ்சிரத்துக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம், மரம் உண்மையிலேயே விஷமா, முறித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

நான் மந்திரவாதி இல்லை. தாவரவியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். என் பாட்டா (தாத்தா) நாட்டு வைத்தியர். எங்கள் வீட்டு அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில், பூட்டுப் போட்ட ஒரு சிறிய பலாமரப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்தது பணமோ பத்திரமோ அல்ல, காஞ்சிரங்கொட்டை. அதனால் இந்த மரத்தை இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

முதலில், உங்கள் விளையில் நிற்பது காஞ்சிரம்தானா என்று பாருங்கள். மற்ற மாவட்டங்களில் எட்டி என்பார்கள், பழைய தமிழில் காஞ்சிரை. லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்வாமிகா. பட்டை சாம்பல் நிறம். இலைகள் கிளையில் எதிரெதிராக, வழவழவென்று பளபளப்பாக இருக்கும். இலையைத் திருப்பினால் அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கிளம்பி நுனியைப் பார்த்து வளைந்து போவது தெரியும். கறுவா இலையும் நரம்பில் இப்படித்தான் இருக்கும். ஆனால் கறுவாவைக் கசக்கினால் மணக்கும், இது மணக்காது. நம் பக்கம் வீட்டுக்கு வீடு கறுவா நிற்பதால் சொல்கிறேன், சந்தேகமுள்ள இலையைக் குழம்பில் போடாதீர்கள்.

பழம் உருண்டையாக, சின்ன ஆரஞ்சு அளவில், நிறமும் அதே. தோடு (ஓடு) கடினம், தட்டினால் உடையும். உள்ளே வெள்ளையாகக் கொழகொழவென்ற சதை. அதில் சில கொட்டைகள் கிடக்கும். அந்தக் கொட்டையைத்தான் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். தட்டையாக, வட்டமாக, அப்படியே கோட்டுப் பொத்தான். ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். நடுவிலிருந்து விளிம்பு வரை நெருக்கமாகப் படுத்த ரோமம், விரலால் தடவினால் பட்டுத்துணி மாதிரி வழுக்கும், வெயிலில் வெள்ளி மாதிரி மின்னும்.

இவ்வளவு அழகான ஒரு சாமானைப் பிள்ளைகள் விடுமா? எட்டு வயதில் நான் ஆற்றங்கரையில் பொறுக்கிய ஏழெட்டுக் கொட்டையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பாட்டா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. "லேய் மக்கா, அதத் திண்ணையில வை. கையக் கழுவு. நல்லாக் கழுவு" என்றார். மூன்று முறை கழுவ வைத்தார். அப்புறம் கொட்டைகளை எண்ணினார், என்னையும் எண்ணச் சொன்னார். எத்தனை பொறுக்கினாய் என்று மூன்று தடவை கேட்டார். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. பெட்டிக்கு ஏன் பூட்டு என்று அன்றைக்குப் புரிந்தது.

இனி உங்கள் இசக்கிக்கு வருகிறேன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் காஞ்சிரகோடு என்று ஓர் ஊர் இருக்கிறது. உங்கள் விளையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். கோடு என்றால் மேடு, கரை. காஞ்சிரம் நின்ற மேடு. கேரளத்தில் காஞ்சிரங்குளம், காஞ்சிரப்பள்ளி என்று இந்த மரத்தின் பெயரில் ஊர்கள் உண்டு. ஆனால் ஊரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட ஒரு யட்சி இருப்பது நம் காஞ்சிரகோட்டுக்குத்தான்.

கதையைச் சொல்பவர்கள் பலவிதமாகச் சொல்வார்கள், எலும்புக்கூடு இதுதான். மங்கலத்து வீடு என்ற வசதியான வீட்டில் பிறந்தவள் சிருதேவி. மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராக நின்ற ராமன் தம்பிக்கு வேண்டியவள் என்பார்கள். அப்படியானால் 1720களில் நடந்ததாக வைத்துக்கொள்ளலாம். மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தது 1729. சிருதேவிக்குத் தன் வீட்டுப் பல்லக்குத் தூக்கி குஞ்சுராமன் மேல் ஆசை. அவன் மணமானவன், இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அவனுடைய மனைவியைக் கொல்ல வைத்தாள். பிறகு உண்மை தெரிந்துகொண்ட குஞ்சுராமன், இசைந்து வந்தவன் மாதிரி நடித்து அவளைக் கொன்றான். செத்தவள் அதே ஊரில் இன்னொரு வீட்டில் யட்சியாகப் பிறந்தாள். பிறந்த சற்று நேரத்திலேயே வளர்ந்த பெண்ணாக எழுந்து நின்றாளாம். ஆண்களை மயக்கி இரத்தம் குடித்தாள், குஞ்சுராமனையும் விடாமல் துரத்தினாள். கடைசியில் அவளுடைய அண்ணன் கோவிந்தன் நடுவில் நின்று ஒப்பந்தம் பேசினான். ஒரு வருஷம் குஞ்சுராமனோடு இருக்கலாம், அதன் பிறகு கோவிலில் குடியிருந்து நரசிம்மரை வணங்க வேண்டும். அந்தக் கோவில் இப்போது இல்லை. அவள் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போய்விட்டாள், அதுவும் 2011இல் மற்ற நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது திறக்காமல் விட்டார்களே, அந்த பி நிலவறையில்தான் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படுபவள் நம்மூர்க்காரி. மார்த்தாண்டத்தில் டீ குடிக்கும் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த ஒப்பந்தம்தான். பேயைக் கொல்லவில்லை, விரட்டவில்லை. ஒரு வருஷம், அப்புறம் கோவில் என்று தவணை பேசியிருக்கிறார்கள். தெற்கில் பெரும்பாலான இசக்கி கதைகள் இப்படித்தான் முடியும். அநியாயமாகச் செத்தவள் ஆங்காரத்தோடு வருவாள், அவளுக்கு ஓர் இடம் கொடுத்து உட்கார வைப்பார்கள், கோவில் கொடை (திருவிழா) கொடுப்பார்கள். வேளிமலை அடிவாரத்தில் மேலாங்கோட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காளும் தங்கையும் அந்த வரிசைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து சில கிலோமீட்டரில் சிதறால் மலை. அங்கே பாறையில் சமண தீர்த்தங்கரர்களோடு அம்பிகா யட்சியும் செதுக்கப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் குழந்தைகள், சிங்கம். ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னர் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. யட்சியின் தமிழ்ப் பெயரான இயக்கி என்ற சொல்லே இசக்கி ஆனது என்பார்கள். அம்பிகா யட்சிக்கு உரிய மரம் மா. பிள்ளைகளோடு மாமர நிழலில் இருந்த தாய், எப்போது காஞ்சிரத்துக்கும் பாலை மரத்துக்கும் பனைக்கும் குடிமாறி இரத்தம் குடிக்க ஆரம்பித்தாள்? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, ஆணி. பிடித்த பேயை இறக்கும் முறைகளில் ஒன்று 'ஆவாகித்துத் தறைப்பது', அதாவது பேயை ஒரு பொருளில் வரவழைத்து ஆணியடிப்பது. பாதிக்கப்பட்டவரின் உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்து முடிச்சுப் போட்டு, மரத்தோடு வைத்து இரும்பு ஆணியை அடித்து, மயிரை அறுத்துவிடுவார்கள். பேய் முடியோடு மரத்தில் நின்றுவிடும் என்பது கணக்கு. இன்னொரு முறையில் ஒரு சாண் நீளத்துக்குக் காஞ்சிரத் தடியில் பிரதிமை செதுக்குவார்கள். கண், மூக்கு பேருக்கு இருக்கும், கை கால் உடம்போடு ஒட்டியிருக்கும். அதில் பேயை ஆவாகித்து ஆணி அடித்து, ஓடுகிற தண்ணீரில் விடுவது அல்லது புதைப்பது. செய்வினைக்கும் இதே மாதிரி பொம்மைதான், ஆள் பெயர்தான் மாறும். எடுப்பவனுக்கும் வைப்பவனுக்கும் ஒரே மரம் என்பதைக் கவனியுங்கள். மரத்தில் ஆணி அடிப்பது எல்லா இடத்திலும் காஞ்சிரத்தில்தான் என்றும் இல்லை. கேரளத்துச் சோற்றானிக்கரைக் கோவிலின் கீழ்க்காவில் ஆணி அடிப்பது பாலை மரத்தில். நம் ஊர்களில் புளியமரத்திலும் அடித்திருக்கிறார்கள்.

ஏன் காஞ்சிரம்? பாட்டாவிடம் கேட்டிருக்கிறேன். "சிதல் தின்னாது, அதுக்குத்தான்" என்றார் அலட்டாமல். அது உண்மை. காஞ்சிரத் தடியின் கசப்புக்குக் கரையான் கிட்டே வராது. மண்ணில் புதைத்த பொம்மை சீக்கிரம் உளுத்துப்போனால் உள்ளே கட்டப்பட்டது வெளியே வந்துவிடுமே! மந்திரவாதியும் தச்சன் மாதிரி மரம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான்.

ஆனால் அதோடு முடிந்துவிடாது என்பது என் எண்ணம். அதற்கு இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். எங்கள் தெருவில் யாரோ நாய்க்குக் காஞ்சிரங்கொட்டை வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணம். நாய் எங்கள் தொழுவத்துப் பக்கம் வந்து விழுந்தது. நான்கு காலும் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு, தலை பின்னுக்குப் போய், உடம்பு வில்லாக வளைந்தது. சற்று நேரத்தில் தளர்ந்தது. பிழைத்துக்கொண்டது என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் சித்தியின் கையிலிருந்து செம்பு நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தோடு நாய் மறுபடியும் வளைந்தது. கதவு சாத்தினால் வளைந்தது. நான் பக்கத்தில் போய் நிழல் விழுந்தால்கூட வளைந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தக் கண்ணில் மயக்கமில்லை.

காஞ்சிரங்கொட்டையில் இருக்கும் முக்கியமான நஞ்சுகள் இரண்டு: ஸ்ட்ரிக்னின், புரூசின். ஸ்ட்ரிக்னினை 1818இல் பிரான்சில் பெலத்தியே, கவாந்து என்ற இரு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள், முதலில் இதன் உறவுக்காரத் தாவரமொன்றின் கொட்டையிலிருந்து. அது எப்படிக் கொல்கிறது என்பது பிறகு தெரிந்தது. நாம் கையை மடக்கும்போது முன்தசை இழுக்க, பின்தசை தளர வேண்டும். 'நீ சும்மா இரு' என்று தண்டுவடத்தில் சொல்வது கிளைசின் என்ற பொருள். கிளைசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிக்னின் உட்கார்ந்துகொள்கிறது. சும்மா இருக்கச் சொல்ல ஆளில்லை. ஒரு சின்னச் சத்தம், தொடுதல், வெளிச்சம் போதும், எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். முதுகுத் தசைகள் வலுவானவை, அதனால் உடம்பு பின்பக்கம் வில்லாகிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, முகத்தசை இழுத்துப் பல் தெரிகிறது, பார்க்கிறவருக்கு அது சிரிப்பு. மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை, நினைவு கடைசி வரை இருக்கிறது. மூச்சு இழுக்கும் தசைகளும் பூட்டிக்கொள்ளும்போது சாவு.

வில்லாக வளைந்த உடம்பு, பூட்டிய பல், காரணமில்லாத சிரிப்பு, விழித்த கண். இதைப் பார்த்த பழைய ஊர்க்காரன் என்ன நினைத்திருப்பான்? யாரோ இவனைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான். இங்கே ஒரு எச்சரிக்கை. பேய் பிடித்தவர்கள் எல்லாம் காஞ்சிரம் தின்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆடும் பெண்களுக்குப் பின்னால் வேறு துக்கங்கள், வேறு நோய்கள் இருக்கின்றன. நான் சொல்வது வேறு. மந்திரவாதத்தில் அடிக்கடி வரும் சொல் 'கட்டு'. வாய்க்கட்டு, உடல்கட்டு, திசைக்கட்டு. ஓர் உடம்பைக் கயிறில்லாமல் கட்டிப்போடும் மரம் எது என்று நம் மலையடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டியது காஞ்சிரத்தை. ஆளைக் கட்டுகிற மரம் ஆவியையும் கட்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் 'முன்னோர்கள் எல்லாவற்றிலும் விஞ்ஞானத்தை ஒளித்து வைத்தார்கள்' என்று வாட்ஸாப்பில் சுற்றுகிற விளக்கத்தைவிட இது எனக்கு நெருக்கமாகப் படுகிறது. அவர்கள் எதையும் ஒளித்து வைக்கவில்லை. பார்த்ததை அவர்கள் பாஷையில் சொன்னார்கள்.

நச்சுச் செடியோடு இசக்கி சேர்வது காஞ்சிரத்தோடு நிற்கவில்லை. நாகர்கோவிலைத் தாண்டி வில்லுக்குறிக்குப் போகும் வழியில் கள்ளியங்காடு. கள்ளியங்காட்டு நீலி என்றால் கேரளத்தில் குழந்தைகளும் பயப்படும். வடக்கே பழையனூர் நீலி என்று சொல்வதும் ஏறக்குறைய இதே கதை. கோவில் பூசாரி ஒருவன் தாசி மகளோடு பழகிப் பணத்தையெல்லாம் விட்டான். தாய்க்காரி அவனை விரட்டினாள், மகள் அவன் பின்னாலேயே போனாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கியவளை, நகைக்காக அவன் கல்லைப் போட்டுக் கொன்றான். சாகும்போது அவள் சாட்சிக்குக் கூப்பிட்டது பக்கத்தில் நின்ற கள்ளியை. வேறு யாரும் அங்கே இல்லை. மறுபிறவியில் அவன் வணிகனாக வருகிறான். அவள் ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று ஊர்ச்சபையில் வழக்காடி ஜெயித்து, அன்று ராத்திரியே பழி தீர்க்கிறாள். சாட்சி சொன்ன செடியே அவளுக்குப் பிள்ளையாகவும் வருகிறது. வில்லுப்பாட்டில் இந்த இடம் வரும்போது கூட்டத்தில் பெண்கள் பக்கம் சத்தமே இருக்காது, சிறுவயதில் கவனித்திருக்கிறேன்.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன். அவள் கதையும் நீலியோடு பின்னிக் கிடக்கிறது. இசக்கி கோவில்கள் பலவற்றின் முன்னால் பால்கள்ளி நிற்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். பிள்ளை வரம் கேட்பவர்கள் தொட்டில் கட்டுவார்கள். ஒரு பக்கம் தாய்ப்பால் மாதிரி வடிகிறது, மறுபக்கம் அதே பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கப் பார்க்கும். இசக்கியின் குணமும் அதுதான், வரம் கொடுக்கிற கையும் கழுத்தைத் திருகுகிற கையும் ஒன்று. கள்ளிப்பாலைப் பெண்குழந்தைக்குப் புகட்டிய கொடுமை நம் மாநிலத்துக்குத் தெரியாததல்ல. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கிய நீலியை நினைத்தால் எனக்கு அதுவும் சேர்ந்தே ஞாபகம் வரும். கையில் ஒடித்துவிட்டால் கண்ணைத் தொடாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பட்டுவிட்டால் தண்ணீரில் நிறைய நேரம் அலசி, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

மீண்டும் காஞ்சிரம். இதைப் பற்றிய மற்ற நம்பிக்கைகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிரத்தின் மேல் முளைத்த புல்லுருவிக்கு மந்திரவாதிகளிடம் கிராக்கி. மாவில் முளைத்தது ஒன்றுக்கு, காஞ்சிரத்தில் முளைத்தது வேறொன்றுக்கு என்று கணக்கு வைத்திருப்பார்கள். இது வெறும் கதை என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒட்டுண்ணி தாய்மரத்தின் சாறை உறிஞ்சித்தான் வாழ்கிறது. காஞ்சிரத்தில் வளரும் புல்லுருவியில் ஸ்ட்ரிக்னினும் புரூசினும் ஏறியிருப்பதைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். மரத்தின் 'சக்தி' புல்லுருவிக்கு இறங்குகிறது என்று மந்திரவாதி சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அவனோடு சண்டை போட முடியாது. இதைத் தாயத்தில் வைக்கிறேன் என்பவரைக்கூட விட்டுவிடலாம், அரைத்துக் கொடுக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

அசுவதி நட்சத்திரத்துக்கு உரிய மரம் காஞ்சிரம். தன் நாள்மரத்தை ஒருவர் முறிக்கக் கூடாது, நட்டு வளர்த்தால் ஆயுள் என்பது சாஸ்திரம். உங்கள் வீட்டில் யாராவது அசுவதியா என்று பாருங்கள், இருந்தால் முறிக்க வேண்டாம் என்ற குரல் வீட்டுக்குள்ளிருந்தே வரும்.

வாதக்காரர்கள் காஞ்சிரக் கட்டிலில் படுத்தால் வலி போகும் என்பார்கள். இன்றைக்கும் கேரளத்தில் ஆர்டர் கொடுத்துச் செய்விக்கிறவர்கள் உண்டு. வலி போகிறதோ இல்லையோ, கட்டிலை நக்காத வரை கேடில்லை, உளுத்துப் போகாது, விலைக்கு நட்டமில்லை.

இலை கசக்காத காஞ்சிரம் என்று சில கோவில் மரங்களைப் பற்றிக் கேரளத்தில் சொல்வார்கள். நான் கடித்துப் பார்க்கப் போனதில்லை. ஸ்ட்ரிக்னினின் கசப்பைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலந்த தண்ணீரிலேயே நாக்கு கண்டுபிடித்துவிடும். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பழமொழி சொன்னவர்கள் அதன் நிறத்தையும் கசப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள். ஆனாலும் வவ்வாலும் இருவாச்சியும் பழத்தின் சதையைத் தின்று கொட்டையைப் போட்டுவிட்டுப் போகின்றன. காலையில் உங்கள் மர மூட்டில் கொட்டை சிதறிக் கிடந்தால் இசக்கி வந்து போனாள் என்று யாராவது சொல்லக்கூடும். வவ்வாலாக இருக்கும்.

பாம்புக் கடிக்குக் காஞ்சிரம் மாற்று என்றொரு நம்பிக்கை. இது ஆபத்தானது. நாகத்தின் விஷம் தசையைத் தளர்த்தும், காஞ்சிரம் இறுக்கும், அதனால் ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கலாம். இரண்டும் வேலை செய்யும் இடம் வேறு. கடிபட்டவருக்கு இதையும் கொடுத்தால் இரண்டு விஷமும் சேர்ந்து ஒரே உடம்பில் நிற்கும், அவ்வளவுதான்.

மருந்தாக இது இல்லையா என்றால், உண்டு. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சுத்தி செய்த (நஞ்சைக் குறைத்த) கொட்டை வாத மருந்துகளில் சேர்கிறது. மருந்துச் சட்டத்தின் நச்சுப்பொருள் பட்டியலில் இது இருப்பதால், இப்படிப்பட்ட மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். பாட்டா சுத்தி செய்யும் நாட்களில் அடுக்களைப் பாத்திரம் எதையும் தொடமாட்டார், எங்களை அந்தப் பக்கம் விடவும் மாட்டார். அந்த முறையை இங்கே எழுதப் போவதில்லை, யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களும் ஒரு காலத்தில் இதைத் தெம்பு மருந்தாகக் குடித்தவர்கள்தான். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் ஸ்ட்ரிக்னினும் முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் கொடுத்து ஓடவிட்டார்கள். அவர் கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்துத் தங்கம் வாங்கினார். நம்மூர் மந்திரவாதிகளை மட்டும் முரட்டு ஆட்கள் என்று சொல்வது நியாயமில்லை.

இப்போது உங்கள் விளை.

மரம் நின்றபடி யாரையும் எதுவும் செய்யாது. நிழலில் நின்றால் விஷம் என்பது சும்மா. காய், கொட்டை, பட்டை, இலை எதுவும் வாய்க்குப் போகக் கூடாது, அவ்வளவே. சின்னப் பிள்ளைகள் வந்து விளையாடும் விளை என்றால் முறித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், அந்தப் பழத்தின் நிறமும் கொட்டையின் பளபளப்பும் பிள்ளைகளைக் கூப்பிடும். பிள்ளைகள் இல்லாத ரப்பர் விளை மூலை என்றால் நிற்கட்டும், பழம் விழும் காலத்தில் மூட்டைக் கூட்டிக் கொட்டையைப் பொறுக்கி ஆழமாகக் குழி தோண்டி மூடுங்கள். முறித்தால் சில்லையோ கிளையோ அடுப்புப் பக்கம் போக வேண்டாம், ஆட்டுக்குக் குழை போட வேண்டாம். மரத்தூள் பறக்கும்போது வாயும் மூக்கும் மூடியிருக்கட்டும்.

யாராவது தப்பித்தவறி தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று நேரத்தைப் போக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கிடைத்த வண்டியில் நேரே பெரிய ஆஸ்பத்திரி. கால் மணி நேரத்திலேயே இழுப்பு தொடங்கிவிடலாம். போகும் வழியில் சத்தம் வேண்டாம், உலுக்க வேண்டாம், கண்ணில் வெளிச்சம் அடிக்க வேண்டாம். ஆள் சுயநினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காதீர்கள். எந்தக் கொட்டை என்று காட்ட ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். இழுப்பைப் பார்த்துப் பேய் என்று மந்திரவாதியைக் கூப்பிட்டு உடுக்கை அடித்தால், ஒவ்வொரு அடிக்கும் இழுப்பு வரும்.

முறிக்க வந்தவர்கள் போனதற்கு இசக்கி மட்டும் காரணமாக இருக்காது. மெஷின் வாள் ஆணியில் பட்டால் செயின் போச்சு, தெறித்தால் ஆளுக்கும் அடி. செயின் ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இசக்கி மேல் போட்டிருப்பார்கள். அடுத்து வருபவரிடம் ஆணிக்கு மேலே இரண்டடி விட்டு அறுத்தால் போதும், செயின் போனால் என் செலவு என்று சொல்லிப் பாருங்கள். பயமும் இருக்கத்தான் செய்யும், அதைக் கிண்டல் செய்யாதீர்கள். முறிக்கும் முன் ஒரு தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, வெற்றிலை பாக்கு வைத்தால் அவர்கள் நிம்மதியாக வேலை செய்வார்கள். பெரிய செலவொன்றும் இல்லை. என் விளையில் முறித்தபோது நானும் வைத்தேன்.

அதற்கு முன்னால் அந்த ஆணியை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். கொல்லன் அடித்த பழைய ஆணி சதுரமாக, நுனி நோக்கி மெலிந்து, தலை கோணல்மாணலாக இருக்கும். கம்பெனி ஆணி உருளையாக, தலை தட்டையாக வட்டமாக இருக்கும். சதுரம் என்றால் பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், ஏதோ ஒரு வீட்டின் ஏதோ ஒரு துக்கம் அதில் இருக்கும். உருளை என்றால், அடுத்த மரத்தில் அதே உயரத்தில் இன்னொரு ஆணி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது துணி காயப்போடக் கொடி கட்டிய ஆணி.